ஒரு போலந்துக் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி? டொம்ப்ரோவ்ஸ்கியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

போலந்துக் குடும்பப் பெயரைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது "இந்தப் பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது?" என்பதைத்தான். பெயரைத் தேடுபொறியில் போட்டால் ஒரு கேடயச் சின்னம், ஒரு பிரபு வம்சம், இடைக்காலக் கதை ஒன்று எல்லாம் வந்து விழும். அதில் முக்கால்வாசியைப் படிக்காமலே ஒதுக்கலாம். டொம்ப்ரோவ்ஸ்கி போன்ற பெயருக்கு ஒரே பூர்வீகம் கிடையாது, இருக்கவும் முடியாது. கண்டுபிடிக்க முடிவது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் ஊரைத்தான், அதற்கு உதவுவது பெயரின் பொருள் அல்ல. அந்தப் பெயரை எந்த நாட்டு எழுத்தர் எப்படி எழுதி வைத்தார் என்பதுதான்.

டொம்ப்ரோவ்ஸ்கியை உதாரணமாக எடுக்கக் காரணம் உண்டு. போலந்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் முதல் பதினைந்து பெயர்களுக்குள் வருவது, நாலு கண்டங்களுக்குப் போனது, போன இடமெல்லாம் வேறு மாதிரி எழுதப்பட்டது. இதில் கை பழகிவிட்டால் விஷ்னியெவ்ஸ்கி, யாப்வோன்ஸ்கி எல்லாம் அதே வழிதான்.

முதல் படி: பெயரைப் பிரித்துப் பாருங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்

போலிஷில் டொம்ப் என்றால் ஓக் மரம், டொம்ப்ரோவா என்றால் ஓக் தோப்பு. கடைசியில் வரும் 'ஸ்கி' ஓர் உரிச்சொல் விகுதி, டொம்ப்ரோவாவைச் சேர்ந்தவர் என்று அர்த்தம். ஆணுக்கு 'ஸ்கி', பெண்ணுக்கு 'ஸ்கா'. இது பின்னால் தேடும்போது பெரிய தலைவலி தரும், இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் என்னவென்றால் டொம்ப்ரோவா என்பது நம் ஊர்ப் புதூர் மாதிரி. போலந்தில் அந்தப் பெயரிலும், டொம்ப்ரூஃப்கா போன்ற அதன் கிளைப் பெயர்களிலும் நூற்றுக்கணக்கான ஊர்கள் இருக்கின்றன. தெற்கே நிலக்கரிப் பகுதியில் டொம்ப்ரோவா கூர்னிச்சா, தர்னூஃப் பக்கத்தில் டொம்ப்ரோவா தர்னோஃப்ஸ்கா, வடகிழக்கில் டொம்ப்ரோவா பியாவொஸ்டோட்ஸ்கா, இவை நகரங்கள் மட்டும். "என் பெயர் டொம்ப்ரோவ்ஸ்கி, ஆகவே என் முன்னோர் டொம்ப்ரோவா கூர்னிச்சாவிலிருந்து வந்தவர்கள்" என்று முடிவு கட்டுவது, புதூர்க்காரர் என்றதும் ஏதோ ஒரு புதூருக்குப் பஸ் ஏறுவதுதான்.

'ஸ்கி' இருந்தால் பிரபு வம்சம் என்றும் ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் நிலம் வைத்திருந்த ஷ்லாஹ்தா வகுப்பினர் தங்கள் கிராமத்தின் பேரில் அப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். பிறகு நகரத்தாரும் குடியானவர்களும் அந்த விகுதியைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். பிரபுக்களிலேயே ஒன்றுக்கொன்று உறவில்லாத பல டொம்ப்ரோவ்ஸ்கி குடும்பங்கள், வெவ்வேறு சின்னங்களோடு இருந்தன. உங்கள் பெயருக்குரிய சின்னம் என்று கண்ணாடிச் சட்டத்தில் போட்டு விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

மதத்தையும் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணை ஆஸ்திரியாவின் கலீசியாவில் 1787-லும், ஜெர்மன் அரசான பிரஷ்யா பிடித்த போலந்துப் பகுதிகளில் 1797-லும், ரஷ்யாவின் கீழிருந்த போலந்து ராஜ்யத்தில் 1821-லும் வந்தது. டொம்ப்ரோவா என்ற ஊரில் இருந்த யூதக் குடும்பமும் டொம்ப்ரோவ்ஸ்கி ஆகலாம். கத்தோலிக்கர், வடகிழக்குப் பகுதியான மசூரியாவின் லூதரன் புராட்டஸ்டன்டுகள், யூதர் மூவரிடமும் இந்தப் பெயர் உண்டு.

இரண்டாம் படி: எழுத்துக்கூட்டலைப் படியுங்கள்

அதிகம் பேர் தாண்டிப் போகிற படி இது. எனக்கு இதுதான் முக்கியம்.

போலந்தில் இந்தப் பெயரை 'டி' எழுதி, பக்கத்தில் 'ஏ' எழுதி, அந்த 'ஏ'யின் அடியில் ஒரு சின்ன வால் போடுவார்கள். வால் போட்ட 'ஏ'யை மூக்கால் 'ஓ' என்று சொல்ல வேண்டும், 'பி'க்கு முன்னால் வந்தால் அது 'ஒம்' ஆகிவிடும். ஆகவே எழுதுவது டாப்ரோவ்ஸ்கி போலத் தெரிந்தாலும் வாயில் வருவது டொம்ப்ரோஃப்ஸ்கி. போலந்து எல்லையைத் தாண்டியதும் அந்த வாலைப் போட யாருக்கும் தெரியாது, தட்டச்சுப் பொறியிலும் இல்லை. அங்கிருந்து பெயர் இரண்டாகப் பிரிகிறது.

வால் மட்டும் உதிர்ந்து 'ஏ' அப்படியே நின்றால் டாப்ரோவ்ஸ்கி. இது பெரும்பாலும் போலிஷ் எழுத்துள்ள காகிதத்தைப் பார்த்து எழுதியதன் அடையாளம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளியேறிய குடும்பங்களில் அதிகம் பார்க்கலாம்.

காதால் கேட்டு எழுதினால் 'ஓ', 'எம்' போட்ட டோம்ப்ரோவ்ஸ்கி. ஜெர்மன் அலுவலகம் வழியாக வந்த குடும்பம், அல்லது ரஷ்யப் பதிவிலிருந்து திரும்பவும் லத்தீன் எழுத்துக்கு வந்த பெயர், இந்த வடிவத்தில்தான் இருக்கும். பிரெஞ்சுக்காரர்களும் இப்படித்தான் எழுதினார்கள். 1871-இல் பாரிஸ் கம்யூன் என்ற எழுச்சி அரசின் படைத்தலைவராக இருந்து அந்த மே மாதம் 23-ஆம் தேதி உயிரிழந்த யாரோஸ்வாஃப் டொம்ப்ரோவ்ஸ்கி பிரெஞ்சு ஏடுகளில் 'ஓ', 'எம்' போட்டே இருப்பார், போலிஷ் ஏடுகளில் வால் போட்ட 'ஏ'யோடு இருப்பார். ஆள் ஒருவர்தான்.

அப்புறம் சின்னச் சின்ன மாற்றங்கள். நடுவில் 'டபிள்யூ' காணாமல் போய் டோம்ப்ரோஸ்கி என்று நின்றால் அமெரிக்கா. அதே வடிவத்தின் கடைசியில் கூடுதலாக ஓர் 'ஈ' எழுத்து ஒட்டியிருந்தால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ரென்ஃப்ரூ மாவட்டத்தை முதலில் பாருங்கள். 1858 முதல் வடபோலந்தின் கஷூபியர்கள் குடியேறி வில்னோ என்று ஊருக்குப் பெயர் வைத்த இடம் அது. டோம்ப்ரோவ்ஸ்கிஸ் என்று கடைசியில் 'ஸ்' வந்தால் லாட்வியா. 2009 முதல் 2014 வரை அங்கே பிரதமராக இருந்த வால்டிஸ் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லிதுவேனியாவில் டம்ப்ராவ்ஸ்காஸ், அதுவே மனைவிக்கு டம்ப்ராவ்ஸ்கியேனே, மகளுக்கு டம்ப்ராவ்ஸ்கைட்டே. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று வடிவம்.

இவை தடயங்கள்தான், சான்று ஆகாது. ஆனால் எந்த நாட்டு ஆவணத்தில் முதலில் கை வைப்பது என்று சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கை: அமெரிக்கப் பழைய அட்டவணைகள் ஒலியை வைத்து எண் போடும் சவுண்டெக்ஸ் முறையில் அடுக்கப்பட்டவை. அதில் டோம்ப்ரோவ்ஸ்கிக்கு டி516, டாப்ரோவ்ஸ்கிக்கு டி162. ஒன்றைத் தேடினால் மற்றது கண்ணிலேயே படாது. இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள், அல்லது கிழக்கு ஐரோப்பியப் பெயர்களுக்காக 1985-இல் உருவான டைட்ச்-மொகோடாஃப் முறை இருக்கும் தளத்தில் தேடுங்கள்.

மூன்றாம் படி: போலந்துக்குப் போகாதீர்கள், குடியேறிய நாட்டிலேயே தோண்டுங்கள்

ஆர்வக்கோளாறில் எல்லோரும் நேரே வார்சா ஆவணக்காப்பகத்துக்கு ஓடுகிறார்கள். ஊர் தெரியாமல் அங்கே போய் ஒன்றும் ஆகாது. முதலில் வேண்டியது மூன்று: முன்னோரின் போலிஷ் முதற்பெயர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, ஊர். மூன்றும் அவர் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் கிடைக்கும்.

முதற்பெயரில் ஏமாறாதீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்லி என்று செத்தவர் ஸ்டானிஸ்வாஃப் ஆகப் பிறந்திருப்பார். செஸ்டர் என்றால் செஸ்வாஃப். ஆல்பர்ட் என்றால் வோய்ச்சியெஹ், ஏனென்றால் லத்தீன் பதிவில் அவரை அடல்பெர்டுஸ் என்று எழுதுவார்கள்.

அமெரிக்க ஆவணங்களில் எனக்குப் பிடித்தது கப்பல் பயணிப் பட்டியல். ஒரு வரியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெயர், வயது, தொழில், படிக்கத் தெரியுமா. அடுத்து 'நாடு' என்ற கட்டத்தில் ரஷ்யா என்று இருக்கும், 'இனம்' என்ற கட்டத்தில் போலிஷ் என்று இருக்கும். இனக் கட்டம் 1899-இல் சேர்க்கப்பட்டது, அதற்கு முன்பு வந்தவர் வெறும் ரஷ்யாக்காரராகவோ ஜெர்மன்காரராகவோதான் தெரிவார். 1907 முதல் சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்டார்கள். 'அப்பா யூஸெஃப், டொம்ப்ரூஃப்கா' என்பது போல ஒரு குறிப்பு அங்கே கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பட்டியல் இரண்டு பக்கத்துக்கு விரியும், பலர் இடது பக்கத்தை மட்டும் பதிவிறக்கிவிட்டு வலது பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். பிறந்த ஊரும் அங்கே போய்ச் சேரும் உறவினர் முகவரியும் வலது பக்கத்தில் இருக்கும்.

இன்னொன்று: நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு கதை உண்டு. 1892-இல் திறந்த அந்த நிலையத்தில் அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை, கப்பல் நிறுவனம் புறப்படும் துறைமுகத்தில் எழுதிக் கொண்டுவந்த பட்டியலோடு ஆளைச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பிற்பாடு தொழிற்சாலையில், பள்ளியில், குடியுரிமை வாங்கும்போது, பெரும்பாலும் அவர்களே மாற்றிக்கொண்டதுதான். 1906-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தைய குடியுரிமை மனுக்களில் பிறந்த இடம், வந்த கப்பல், வந்த தேதி எல்லாம் இருக்கும், புதுப் பெயரோடு பழைய பெயரும் சில சமயம் சேர்ந்தே இருக்கும்.

அடுத்து தேவாலயம். சிகாகோவின் புனித ஸ்டானிஸ்லாவுஸ் கோஸ்ட்கா பங்கு (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்) 1867-இல் ஆரம்பித்தது. அது போன்ற போலிஷ் பங்குகளில் பாதிரியார் போலந்துக்காரர், ஊர்ப்பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர். அரசுச் சான்றிதழில் 'போலந்து' என்று மட்டும் இருக்கும் இடத்தில் திருமணப் பதிவேட்டில் கிராமமே இருக்கலாம். கல்லறைக் கற்களையும் போலிஷ் நாளிதழ்களின் மரண அறிவிப்புகளையும் விடாதீர்கள்.

புறப்பட்ட பக்கம் பார்த்தால், ஹாம்பர்க் துறைமுகத்தின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெருமளவு பத்திரமாக இருக்கின்றன. பிரேமன் வழியாகப் போனவர்கள் பாவம், அங்கே பழைய பட்டியல்களை இடப்பற்றாக்குறை என்று அழித்துவிட்டார்கள். 1920-க்குப் பிந்தையவற்றில்தான் தேறியவை இருக்கின்றன.

நான்காம் படி: எந்தப் போலந்து என்று முடிவு செய்யுங்கள்

1795 முதல் 1918 வரை வரைபடத்தில் போலந்து என்ற சுதந்திர நாடு கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் பங்கு போட்டுக்கொண்டன. உங்கள் ஆள் இவற்றில் எந்த நாட்டின் பங்கில் பிறந்தார் என்பதைப் பொறுத்து ஆவணத்தின் மொழி, வடிவம், கிடைக்கும் இடம் எல்லாம் மாறும்.

ரஷ்யப் பங்கின் போலந்து ராஜ்யத்தில் 1808 முதல் நெப்போலியன் முறைப் பதிவு. 1868 வரை போலிஷ் மொழி, அதற்குப் பிறகு ரஷ்யன். ஆஸ்திரியாவின் கலீசியாவில் கட்டம் போட்ட லத்தீன் பதிவேடு, வீட்டு எண் வரை இருக்கும். பிரஷ்யாவில் தேவாலயப் பதிவு லத்தீனிலோ ஜெர்மனிலோ. 1874 அக்டோபர் 1 முதல் அரசின் சிவில் பதிவும் சேர்ந்துகொண்டது.

ஊர்ப்பெயர் கையில் கிடைத்தாலும் அது எந்த டொம்ப்ரோவா என்று பார்க்க, 1880 முதல் 1902 வரை வெளிவந்த போலந்து ராஜ்யத்தின் புவியியல் அகராதியைப் புரட்டுங்கள். பதினைந்து தொகுதிகள், இணையத்தில் இலவசம். ஒவ்வொரு டொம்ப்ரோவாவுக்கும் மாவட்டம், தேவாலயப் பங்கு, வீடுகளின் எண்ணிக்கை போட்டிருக்கும். தேட வேண்டியது கிராமத்தை அல்ல, அது எந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்தது என்பதை. பதிவேடு பங்கின் பேரில்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: பதிவைத் தேடி, படியுங்கள்

முதலில் ஜெனெடெகா. போலந்து வம்சாவளிச் சங்கம் நடத்தும் இலவச அட்டவணை, தன்னார்வலர்கள் உட்கார்ந்து எழுதி ஏற்றியது. மாகாண வரைபடத்தைத் தட்டிப் பெயரைப் போட்டால் தேவாலயப் பங்குவாரியாகக் கொட்டும், பல பதிவுகளிலிருந்து பதிவேட்டுப் பக்கத்தின் படத்துக்கே நேரடி இணைப்பு உண்டு. போலந்து அரசு ஆவணக்காப்பகங்களின் தேடல் தளமும் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளமும் அடுத்து. போஸ்னான் பகுதியின் 19-ஆம் நூற்றாண்டுத் திருமணங்களுக்கு போஸ்னான் திட்டம் என்ற தனி அட்டவணை இருக்கிறது. யூதக் குடும்பம் என்றால் ஜேஆர்ஐ-போலந்து என்ற யூதப் பதிவுகளின் அட்டவணை. அட்டவணையில் இல்லையென்றால் பதிவே இல்லை என்று நினைக்காதீர்கள், அந்தப் பங்கை யாரும் இன்னும் எடுக்கவில்லை என்பதாக இருக்கலாம்.

தேடும்போது 'ஸ்கா' வடிவத்தையும் தனியாகத் தேடுங்கள். மனைவியும் மகள்களும் அங்கேதான் இருப்பார்கள். போலிஷில் பெயருக்கும் வேற்றுமை உருபு ஏறும் என்பதால் பதிவுக்குள்ளே டொம்ப்ரோவ்ஸ்கியேகோ, டொம்ப்ரோவ்ஸ்கியெமு, டொம்ப்ரோவ்ஸ்கிஹ் என்றெல்லாம் பார்ப்பீர்கள். அதெல்லாம் வேறு ஆள் இல்லை.

நெப்போலியன் முறைப் பதிவு ஒரு முழுப் பத்தி. "ஜியாவோ ஷியெங்" என்று ஆரம்பிக்கும், 'நிகழ்ந்தது' என்று பொருள். எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு. அப்புறம் தகப்பன் வந்து நின்றார், அவர் வயது இது, தொழில் இது, இந்தக் கிராமத்தில் குடியிருப்பவர். கூடவே இரண்டு சாட்சிகள், அவர்கள் வயது, தொழில். குழந்தையைக் காட்டினார், இன்ன நேரத்தில் பிறந்தது, தாய் பெயர் இது, அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர் இது, வயது இது. ஞானப் பெற்றோர் பெயர். கடைசியில் வந்தவர்களுக்கு எழுதத் தெரியாததால் பாதிரியார் மட்டும் கையெழுத்திட்டார் என்று முடியும். எல்லாப் பதிவும் இதே வரிசை என்பதால், பத்துப் பதினைந்து பதிவு படித்த பிறகு மொழி தெரியாமலே எந்த இடத்தில் எந்தத் தகவல் வரும் என்று கண் தானாகப் போய் நிற்கும். எண்களைச் சொல்லாக எழுதியிருப்பார்கள், எண்ணுச் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ரஷ்ய மொழிப் பதிவுகளில் இரண்டு தேதிகள் அடுத்தடுத்து வரும், இரண்டுக்கும் 12 நாள் வித்தியாசம், 1900-இலிருந்து 13. ஒன்று பழைய ஜூலியன் நாள்காட்டி, மற்றது நம்முடையது. பெயர்களை ரஷ்ய எழுத்தில் எழுதிவிட்டுப் பக்கத்திலேயே அடைப்புக்குள் போலிஷிலும் எழுதியிருக்கும் பாதிரியார்கள் உண்டு, அவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

சாட்சிகளையும் ஞானப் பெற்றோரையும் குறித்து வையுங்கள். ஒரே தேவாலயப் பங்கில் நாலு யான் டொம்ப்ரோவ்ஸ்கி இருந்தால், அவர்களைப் பிரித்துக் காட்டுவது பெண்டாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரும் கூட வந்தவர்களும்தான்.

ஆறாம் படி: பரவிய வழியை அலை அலையாகப் பாருங்கள்

இங்கே தனி ஆளை விட்டுவிட்டு, பெயர் எப்படிப் போனது என்று பார்க்கலாம். புறப்பட்ட ஆண்டும் எந்த நாட்டின் பங்கிலிருந்து புறப்பட்டார்கள் என்பதும் தெரிந்தால் போன திசையை ஓரளவு ஊகிக்கலாம்.

கிழக்கே போனது முதலில், அதில் கடல் தாண்டும் பேச்சே இல்லை. போலந்து-லிதுவேனியா ஒரே அரசாக இருந்த காலத்திலேயே இன்றைய லிதுவேனியா, பெலாரஸ், உக்ரைனில் இந்தப் பெயர் இருந்தது. பாரிஸில் இறந்த யாரோஸ்வாஃப் பிறந்ததே இன்றைய உக்ரைனின் ஜிட்டோமிரில். ரஷ்யாவுக்கு எதிரான 1830, 1863 கிளர்ச்சிகளுக்குப் பிறகு சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களோடு இன்னும் கிழக்கே போனது. ஆகவே ரஷ்யப் பெயர் போலத் தோன்றும் டோம்ப்ரோவ்ஸ்கி எல்லாம் நாடுகடத்தலால் வந்ததல்ல, பல குடும்பங்கள் அங்கேயே இருந்தவை, எல்லைதான் நகர்ந்தது.

மேற்கே, பிரஷ்யப் பங்கிலிருந்தும் மசூரியாவிலிருந்தும் 1870-களிலிருந்து மேற்கு ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு லட்சக்கணக்கில் போனார்கள். அவர்கள் பெயர் போவதற்கு முன்பே ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் இருந்தது. 1930-களில் பெயரை ஜெர்மன் மயமாக்கும் நெருக்கடி வந்து சிலர் முழுக்க மாற்றிக்கொண்டார்கள், அந்தக் குடும்பங்களைப் பிடிக்க சிவில் பதிவின் ஓரக்குறிப்பைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் பிரான்ஸும் போலந்தும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டபின், போலந்திலிருந்தும் ரூரிலிருந்தும் வடபிரான்ஸின் லான்ஸ் வட்டாரச் சுரங்கங்களுக்கு ஒரு கூட்டம் போனது. கால்பந்து வீரர் ரேமோன் கோப்பா அந்தச் சுரங்கப் பகுதியில் 1931-இல் கோபாஷெவ்ஸ்கியாகப் பிறந்தவர். பிரான்ஸில் வால் மட்டுமல்ல, முழுப் பின்பாதியும் உதிரும்.

அமெரிக்காவுக்கு முதலில் கூட்டமாகப் போனது சைலீசியர்கள், 1854-இல் டெக்சாஸில் பன்னா மரியா என்ற ஊரை அமைத்தார்கள். பிறகு 'ஸா ஹ்லெபெம்', அதாவது ரொட்டிக்காக என்று சொல்லிக்கொண்டு போனவர்கள் சிகாகோ, மில்வாக்கி, பஃபலோ, டெட்ராய்ட் என்று நிரம்பினார்கள். இந்தப் பெயர் அங்கே எவ்வளவு ஊன்றியது என்றால், சிவில் உரிமை இயக்கத்தவர் ஜேம்ஸ் டோம்ப்ரோவ்ஸ்கி தொடுத்து, 1965-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கின் பெயரே இன்றும் அமெரிக்கச் சட்டப் பாடத்தில் வருகிறது.

பிரேசிலில் 1871-இல் குரிடிபா பக்கம் ஒரு கூட்டம் குடியேறியது. 1890-91-இல் ரஷ்யப் பங்கில் 'பிரேசில் காய்ச்சல்' என்றே பேர் வாங்கும் அளவுக்குக் கிராமம் கிராமமாகக் கிளம்பினார்கள். பரனா, சாந்தா கத்தரீனா, ரியோ கிராண்டே தோ சுல் மூன்றும் முதலில் பார்க்க வேண்டிய மாநிலங்கள். அங்கே பெண்ணுக்கும் 'ஸ்கி'தான், 'ஸ்கா' தேடி நேரம் போக்காதீர்கள். 1897 முதல் கலீசியாக்காரர்கள் அர்ஜென்டினாவின் மிசியோனெஸுக்கும் போனார்கள்.

கடைசி அலை சோகமானது. 1940-41-இல் சோவியத் அரசு கிழக்குப் போலந்திலிருந்து குடும்பம் குடும்பமாக சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் ரயிலேற்றியது. 1942-இல் தளபதி ஆண்டர்ஸின் போலந்துப் படையோடு ஈரான் வந்தவர்கள் அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா, நியூசிலாந்து, இந்தியா என்று சிதறினார்கள். ஜாம்நகர் அருகே பாலாச்சடியில் குழந்தைகளை நவாநகர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி வைத்துக் காப்பாற்றினார். கோல்ஹாப்பூர் பக்கம் வலிவடேயில் சுமார் 5,000 பேர் போர் முடிந்து சில ஆண்டுகள் வரை இருந்தார்கள். 1944-இல் நியூசிலாந்தின் பஹியாட்டுவாவுக்கு 733 குழந்தைகள் போனார்கள். இந்தக் கூட்டத்தில் பலர், 1947-இன் போலந்தியர் மறுகுடியேற்றச் சட்டத்தால், பிரிட்டனில் நிலைத்தார்கள். பிரிட்டனில் வாலில்லாத டாப்ரோவ்ஸ்கியைப் பார்த்தால் முதலில் இந்த அலையை நினையுங்கள், இரண்டாவதாக 2004-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் வேலைக்கு வந்தவர்களை.

ஏழாம் படி: எண்ணிக்கை, மரபணு, கடிதம்

போலந்து அரசு பெசெல் எனப்படும் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து குடும்பப் பெயர் எண்ணிக்கையை இலவசமாக வெளியிடுகிறது. ஆண் பெயரும் பெண் பெயரும் தனித்தனிப் பட்டியல், இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். மாவட்டவாரிப் பரவல் வரைபடங்கள் அரிதான பெயருக்குப் பொக்கிஷம், டொம்ப்ரோவ்ஸ்கிக்கு நாடே சிவப்பாகத் தெரியும், பயனில்லை. 1945-க்குப் பின் எல்லை மேற்கே நகர்ந்து மக்கள் லட்சக்கணக்கில் இடம் மாறியதால் இன்றைய வரைபடம் முன்னோர் ஊரைக் காட்டாது.

மரபணுச் சோதனை எடுத்தால், அதே பெயருள்ள இன்னொருவரோடு ஒத்துப்போகாதது அதிசயமல்ல. பல ஊரில் பல முறை முளைத்த பெயர். பெயரே வேறாக இருக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் ஒத்துப்போனால், அவருடைய முன்னோர் ஊரைக் கேளுங்கள், அதுதான் உபயோகம்.

100 ஆண்டுக்குள் உள்ள பிறப்பும் 80 ஆண்டுக்குள் உள்ள திருமணம், இறப்பும் அந்தந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில்தான் இருக்கும், அதைத் தாண்டியவை ஆவணக்காப்பகத்துக்குப் போகும். அலுவலகத்திடம் கேட்பவர் நேரடி வாரிசு போன்ற நெருங்கிய உறவு என்று காட்ட வேண்டும். கேட்கும்போது சுருக்கப் பிரதி வேண்டாம், முழுப் பிரதி, போலிஷில் 'ஓட்பிஸ் ஸுபெவ்னி', என்று எழுதுங்கள். சுருக்கப் பிரதியில் ஓரக்குறிப்புகள் வராது. பிற்காலத்தில் பெயர் மாற்றியிருந்தால் அந்தக் குறிப்பு முழுப் பிரதியில்தான் இருக்கும்.